நிழலை ஒரே ஒரு தடவை போட்டு எட்டு கலருக்கும் ஓட்ட முடியுமா?

நீங்க கேட்டதை நான் இப்படி எடுத்துக்கிறேன், தப்பா இருந்தா சொல்லுங்க. பாவாடை தாவணி கட்டின ஒரு பொண்ணு, லைன் ஆர்ட், அதாவது கோட்டுப் படம், முடிஞ்சு ரெடியா இருக்கு, அதையே எட்டு கலர்ல ஸ்டிக்கர் செட்டா போடணும், கிரிட்டாங்கற படம் வரையற சாஃப்ட்வேர்ல வேலை பண்றீங்க, ஒவ்வொரு கலருக்கும் ஐட்ராப்பர்ல கலரை எடுத்து கொஞ்சம் இருட்டாக்கி மடிப்பு நிழலை முதல்ல இருந்து வரையறீங்க, பாதி நாள் அதுலயே போயிடுது. லேயர், அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற கண்ணாடித்தாள் மாதிரி, வச்சா ஒரே தடவை பண்ணலாம்னு யாரோ சொன்னாங்க, எப்படின்னு தெரியல, அடுத்த போஸுக்கும் அதே நிழலை எடுத்துக்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. ரெண்டு கேள்விக்கும் பதில் வேற வேற. ஒரே லைன் ஆர்ட், கலர் மட்டும் மாறுதுன்னா தாராளமா முடியும். போஸ் மாறினா நிழல் கூட வராது, வேற சில விஷயம் வரும், அதை கடைசில சொல்றேன்.

நான் பத்து வருஷத்துக்கு மேல சின்னப் பசங்க புத்தகம், ஸ்டிக்கர், பாடப் படம் இதுக்கெல்லாம் கலர் போடற வேலை பண்றேன், அதனால இது நான் தினமும் உட்கார்ந்து பண்ற விஷயம். ஆரம்பத்துல நானும் உங்க மாதிரிதான் பண்ணேன். ஒரு ஸ்கூல் பையன் படம், யூனிஃபார்ம் நீலத்துல போட்டு நிழலையும் அதே லேயர்ல கலந்து முடிச்சுக் கொடுத்தாச்சு, அப்புறம் அதே பையன் இன்னும் அஞ்சு யூனிஃபார்ம் கலர்ல வேணும்னு கேட்டாங்க. மொத்தக் கலரையும் ஒரேயடியா மாத்தற ஹ்யூ ஸ்லைடரை இழுத்துப் பார்த்தேன், சட்டை பச்சையாச்சு, ஆனா நிழலுக்குள்ள இருந்த நீல ஊதா எல்லாம் பாசி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு, கையில இருந்த நிழல் வேற மாதிரி, சட்டையில இருந்த நிழல் வேற மாதிரி. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து அஞ்சையும் புதுசா வரைஞ்சேன். அன்னைக்கு மண்டையில ஏறினதுதான் இந்தப் பதில் முழுக்க: நிழலுக்கு ஒரு வடிவம் இருக்கு, ஒரு நிறம் இருக்கு, அந்த ரெண்டும் ஒரே இடத்துல ஒட்டியிருக்கக் கூடாது, ரெண்டுமே துணியோட கலர்கூட ஒட்டவே கூடாது.

மேல் லேயர் கீழ் லேயரோட எப்படிக் கலக்கணும்னு சொல்றதுதான் மோட், அதுல முதல்ல மல்டிப்ளை மோட் என்ன பண்ணுதுன்னு ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்க, அப்புறம் யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்ல. கீழ இருக்கற கலரையும் மேல இருக்கற கலரையும் பெருக்கி 255-ஆல வகுக்குது, அவ்வளவுதான். நிழலுக்கு, சிவப்பு, பச்சை, நீலம்ங்கற வரிசையில, 170, 150, 200-ன்னு ஒரு வெளிர் ஊதா வச்சிருக்கீங்கன்னு வச்சுக்கோங்க. கீழ தாவணி மஞ்சள், 255, 210, 60. பெருக்கினா 170, 124, 47, அதாவது நல்ல பழுத்த தேன் கலர் நிழல். அதே ஊதா மெரூன் மேல, 120, 20, 40, விழுந்தா 80, 12, 31. வெள்ளை ஜாக்கெட் மேல விழுந்தா ஊதா அப்படியே தெரியும். நிழல் லேயரை நீங்க தொடவே இல்ல, கீழ கலர் மாறினதும் நிழல் தானா அந்தத் துணிக்கு ஏத்த மாதிரி மாறிக்குது. மேல வெள்ளை இருந்தா எதுவும் மாறாது, ஏன்னா 255-ஆல பெருக்கி 255-ஆல வகுத்தா அதே நம்பர்தான். இதுல சந்தேகமே கிடையாது, கிரிட்டா, ஃபோட்டோஷாப், கிளிப் ஸ்டுடியோ, புரோகிரியேட் எதுல போனாலும் மல்டிப்ளைக்கு இதே கணக்குதான்.

இப்ப உங்க ஃபைலை எப்படி அடுக்கணும்னு சொல்றேன். எல்லாத்துக்கும் மேல கோடு. பேப்பர்ல வரைஞ்சு ஸ்கேன் பண்ணதுன்னா ஃபில்டர் மெனுல கலர்ஸுக்குள்ள கலர் டு அல்ஃபா இருக்கு, அதை ஓட்டினா வெள்ளை போயிட்டு கோடு மட்டும் நிக்கும். கோட்டுக்குக் கீழ கேரக்டர்னு ஒரு குரூப். அந்தக் குரூப்போட அடியில பிளாட் கலர், அதாவது நிழல் இல்லாத வெறும் கலர்: தோல் ஒரு லேயர், முடி ஒரு லேயர், பாவாடை, தாவணி, ஜாக்கெட், நகை எல்லாம் தனித்தனி லேயர். பக்கெட்ல ஊத்தும்போது க்ரோ செலக்ஷனை ரெண்டு பிக்சல் வச்சுக்கோங்க, கலர் கோட்டுக்கு அடியில கொஞ்சம் நுழைஞ்சு நிக்கும், இல்லன்னா கோட்டு ஓரத்துல வெள்ளையா மெல்லிசா ஒரு இழை தெரியும், ஸ்கிரீன்ல கண்ணுக்குப் படாது, பிரிண்ட்ல அசிங்கமா தெரியும். பிளாட்டுக்கு மேல ஜரிகை, பூ டிசைன் மாதிரி பேட்டர்ன் லேயர். அதுக்கும் மேல நிழல் குரூப். பேட்டர்னை நிழலுக்கு மேல வச்சீங்கன்னா மடிப்புக்குள்ள போற ஜரிகையும் பளபளன்னு நிக்கும், துணி மேல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருக்கும், அதனால பேட்டர்ன் எப்பவும் நிழலுக்கு அடியில.

நிழல் குரூப்தான் முக்கியம், இதைப் பொறுமையா பண்ணுங்க. புதுசா ஒரு குரூப் போட்டு அந்தக் குரூப்போட மோடையே மல்டிப்ளை ஆக்குங்க, பாஸ் த்ரூ (குரூப்பே இல்லாத மாதிரி உள்ள இருக்கற லேயரைக் கீழ கலக்க விடறது) ஆஃப்ல இருக்கணும். உள்ள ஒரு லேயரை முழுக்க அந்த வெளிர் ஊதாவால நிரப்புங்க. உடனே படம் முழுக்க ஊதா ஆயிடும், பயப்படாதீங்க. குரூப்போட இன்ஹெரிட் அல்ஃபா பட்டனை அழுத்துங்க, கேரக்டர் குரூப்புக்குள்ள கீழ கலர் இருக்கற இடத்துல மட்டும் ஊதா நிக்கும், வெளில வழியாது. அப்புறம் அந்த நிழல் குரூப் மேல ஒரு டிரான்ஸ்பரன்ஸி மாஸ்க் (எது தெரியணும் எது மறையணும்னு கறுப்பு வெள்ளையில சொல்ற திரை) போட்டு, மாஸ்க்கை முழுக்க கறுப்பால நிரப்பிடுங்க, நிழல் மொத்தமா மறைஞ்சிடும். இப்ப மாஸ்க்ல நின்னுக்கிட்டு வெள்ளை பிரஷ்ஷால வரைங்க, நீங்க வெள்ளை போடற இடத்துல எல்லாம் நிழல் விழும். வெள்ளையால வரைஞ்சா இருட்டு வர்றது முதல் நாள் கொஞ்சம் குழப்பும், ரெண்டாவது நாள் கை பழகிடும். பாதி நிழல் வேணும்னா சாம்பல் கலர், அழிக்கணும்னா கறுப்பு. கிளிப் ஸ்டுடியோவுலயும் ஃபோட்டோஷாப்லயும் குரூப்புக்கு மாஸ்க் போட்டு இதே மாதிரி பண்ணலாம். ஐபேட்ல புரோகிரியேட் வச்சிருக்கறவங்க இன்னும் சிம்பிளா, பிளாட்டுக்கு மேல ஒரு மல்டிப்ளை லேயர்ல ஒரே கலர்ல நிழலை வரைஞ்சு வச்சுக்கிட்டு, கலர் மாத்தணும்னா அல்ஃபா லாக் (ஏற்கனவே வரைஞ்ச இடத்துல மட்டும் கலர் ஏறும்) போட்டு நிரப்பிக்கலாம்.

இப்ப பாருங்க, நிழலோட வடிவம் மாஸ்க்ல இருக்கு, நிறம் உள்ள இருக்கற ஃபில்ல இருக்கு, துணியோட கலர் கீழ பிளாட்ல இருக்கு, மூணும் ஒண்ணையொண்ணு தொடல. தாவணியை மஞ்சள்ல இருந்து பச்சையாக்கணுமா, பிளாட்ல ஒரு பக்கெட். மத்தியானத்துல இருந்து சாயங்காலம் ஆக்கணுமா, உள்ள இருக்கற ஊதாவை மாத்துங்க. மடிப்பு ஒண்ணு பிடிக்கலையா, மாஸ்க்ல ஒரு தடவை திருத்தினா எட்டு செட்லயும் திருந்திடும்.

இதுல நிறைய பேர் மாட்டற இடம் ரெண்டு இருக்கு, உங்களுக்கும் வரலாம். மல்டிப்ளை லேயரை சாதாரண நார்மல் குரூப்புக்குள்ள போட்டுட்டு "நிழல் பெருகவே மாட்டேங்குது, மேல ஊதாவா ஒட்டியிருக்கு"ன்னு வருவாங்க. நார்மல் குரூப்னா உள்ள இருக்கறது உள்ளயேதான் கலக்கும், குரூப்புக்கு வெளில கீழ இருக்கற பிளாட்டை அது பார்க்காது. அதனாலதான் மல்டிப்ளையை உள்ள இருக்கற லேயருக்குக் குடுக்காம குரூப்புக்குக் குடுக்கச் சொன்னேன். இன்னொண்ணு, இன்ஹெரிட் அல்ஃபா போட்டும் நிழல் வெளில வழியுதுன்னா, கேரக்டர் குரூப்புக்குள்ள எங்கயோ அடியில பின்னணி வெள்ளை லேயர் உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம். கிரிட்டாவுல இன்ஹெரிட் அல்ஃபா தனக்கு நேர் கீழ இருக்கற ஒரு லேயரை மட்டும் பார்க்கறதில்ல, அந்தக் குரூப்ல தனக்குக் கீழ இருக்கற எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கும். பின்னணியை குரூப்புக்கு வெளில தள்ளினா சரியாயிடும்.

அடுத்து நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம், தோல் கலர். நெட்ல கிடைக்கற டுடோரியல்ல முக்காவாசி வெளுத்த தோலுக்குப் போட்டது, எல்லாத்துலயும் நிழலுக்கு வெளிர் ஊதா வைங்கன்னுதான் இருக்கும். நம்ம ஊர் பொண்ணை வரைஞ்சு தோலுக்கு 176, 120, 82 மாதிரி ஒரு நல்ல பழுப்பு வச்சிட்டு அதே ஊதாவைப் போட்டா 117, 71, 64 வரும். பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளி 38-ல இருந்து 7 ஆயிடுச்சு பாருங்க, மஞ்சள் வெதுவெதுப்பு போயிடுச்சு, முகம் உடம்பு சரியில்லாத மாதிரி வாடிப்போய் நிக்கும். வரையறவங்க உடனே தோலை வெளுப்பாக்கிடறாங்க, எனக்கு அதுதான் வருத்தம், மாத்த வேண்டியது நிழலை, பொண்ணை இல்ல. 190, 140, 140-ன்னு கொஞ்சம் செம்மண் பக்கம் போற நிழலை வச்சுப் பாருங்க, 131, 66, 45 வரும், ரத்தம் ஓடற தோல் மாதிரி இருக்கும். இதுக்காக இன்னொரு மாஸ்க் வரைய வேண்டாம். தோல் பிளாட் லேயரை டூப்ளிகேட் பண்ணி நிழல் குரூப்புக்குள்ள ஊதாவுக்கு மேல இழுத்துப் போடுங்க, அல்ஃபா லாக் போட்டு செம்மண் நிழல் கலரை ஊத்துங்க. ஒரே மாஸ்க், ஆனா தோல் மேல விழற நிழல் வேற நிறம், துணி மேல விழற நிழல் வேற நிறம். அந்த நம்பர் ரெண்டும் நான் வச்சுக்கற நம்பர், வேதவாக்கு இல்ல, உங்க தோல் கலருக்கு ஏத்த மாதிரி நகர்த்திக்கோங்க.

முடிக்கு வந்தா மல்டிப்ளை கிட்டத்தட்ட கையை விரிச்சிடும். முடிக்கு 30, 25, 28-ன்னு கறுப்பு வச்சீங்கன்னா நிழல் விழுந்தா 20, 15, 22, பத்து பாயின்ட் வித்தியாசம், ஃபோன்ல பார்க்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. நிழல் பத்தலைன்னு மாஸ்க்ல மேல மேல போட்டுக்கிட்டே இருப்பீங்க, பிரயோஜனம் இல்ல, இருட்டுல இருந்து இன்னும் எங்க இருட்டாக்கறது. முடியோட பிளாட்டையே 58, 46, 50 அளவுக்குத் தூக்கிட்டு, கோட்டை மட்டும் நல்ல கறுப்பா விடுங்க, முடி கறுப்பாதான் தெரியும், நிழலுக்கும் இடம் கிடைக்கும். அதோட நிழல் குரூப்புக்கு மேல வெளிச்சம்னு இன்னொரு குரூப் வச்சு, மோட் ஸ்கிரீன் (மல்டிப்ளைக்கு எதிர், கீழ இருக்கறதை வெளிச்சமாக்கும்) போட்டு, இதே மாதிரி ஃபில்லும் மாஸ்க்கும் குடுங்க. பின்னல் மேல எண்ணெய்ப் பளபளப்பு, மூக்குத்தி, ஜிமிக்கி குண்டு எல்லாம் அதுல வரும். மெரூன், பாட்டில் பச்சை மாதிரி ஆழமான கலர் செட்டுக்கும் இந்த வெளிச்சம் குரூப்தான் மடிப்பை எடுத்துக் காட்டும், நிழல் இல்ல.

மாஸ்க் வரையறப்ப பிளாட்டை எல்லாம் அணைச்சுட்டு, ஒரே மிதமான சாம்பல்ல பொண்ணை நிரப்பி அது மேல நிழலைப் போடறது என் பழக்கம். மஞ்சள் தாவணி மேல பார்த்துக்கிட்டே வரைஞ்சா நிழலை ஜாஸ்தி போட்டுடுவோம், மெரூன் மேல பார்த்து வரைஞ்சா பத்தலைன்னு தோணும். சாம்பல் மேல பார்த்தா உருவம் நிக்குதா இல்லையான்னு மட்டும் கண்ணு பார்க்கும். கொசுவம் பக்கம் வரும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் ரெண்டு பக்கமும் நிழல் போடாதீங்க, வெளிச்சம் இடது மேல இருந்து வருதுன்னா மடிப்போட வலது பக்கம் மட்டும். மேல இடுப்புல சொருகின இடத்துல கூர்மையான ஓரம், கீழ வர வர சாம்பலாக்கி விட்டுடுங்க. சுத்தி எல்லா ஓரத்துலயும் மங்கலா நிழல் போட்டா தலகாணி மாதிரி உப்பிப் போய் நிக்கும், பாவாடை மாதிரி இருக்காது. கூர்மையான ஓரமா, மிருதுவான ஓரமாங்கறது மட்டும் ரசனை சம்பந்தப்பட்டது, ஸ்டிக்கர் சைஸுக்கு நான் கூர்மை பக்கம்தான் நிப்பேன், சின்னதாக்கினா மிருதுவான நிழல் அழுக்கு மாதிரி தெரியும்.

இன்னொரு வழியும் சொல்வாங்க, முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையில வரைஞ்சு முடிச்சு மேல கலரைப் பூசறது. பெயின்டிங்குக்கு அருமையான முறை. ஆனா லைன் ஆர்ட்டுக்குக் கலர் மாத்தி மாத்திப் போடற வேலைக்கு அது ஒத்து வருமான்னு எனக்கு சந்தேகம்தான், மஞ்சளுக்கு அடியில சாம்பல் வந்தா ஒரு மாதிரி பச்சை தட்டும், ஒவ்வொரு கலருக்கும் அதைத் திருத்தறதுலயே மிச்சம் பிடிச்ச நேரம் போயிடும். ஓவர்லே மோட்ல 50 சதவீத சாம்பல் வச்சு நிழல் வெளிச்சம் ரெண்டையும் ஒரே லேயர்ல பண்றவங்களும் இருக்காங்க, பாதிக் கலர்களுக்கு அழகா வரும், ஆனா சுத்த வெள்ளை மேலயும் சுத்தக் கறுப்பு மேலயும் ஓவர்லே ஒண்ணுமே பண்ணாது, உங்க செட்ல வெள்ளை ஜாக்கெட் இருந்தா மாட்டிக்குவீங்க.

சரி, போஸ் மாறினா? நிழல்ங்கறது ஒரு உருவமும் ஒரு விளக்கும் சேர்ந்து உண்டாகறது. கை தூக்கினா அக்குள் மடிப்பு மாறும், தலை திரும்பினா தாடைக்குக் கீழ விழற நிழல் இடம் மாறும், பழைய மாஸ்க்கை இழுத்து வளைச்சு ஒட்ட வைக்கறதுக்குப் புதுசா வரையறது சீக்கிரம் முடியும். ஆனா குரூப் அடுக்கு, ஃபில் கலர், தோல் நிழல் கலர், பிரஷ் எல்லாம் அப்படியே அடுத்த ஃபைலுக்கு வரும், அதுவே பாதி வேலை. உடம்பு அதே, முகபாவம் மட்டும் மாறுதுன்னா முகத்துக்கு ஒரு நிழல் குரூப், உடம்புக்கு ஒண்ணுன்னு பிரிச்சிடுங்க. ஜிமிக்கி கழுத்து மேல போடற நிழல் மாதிரி, கழட்டக்கூடிய பொருள் போடற நிழலையும் அந்தப் பொருளோட சேர்த்துத் தனியா வைங்க, இல்லன்னா ஜிமிக்கியை எடுத்த பிறகும் கழுத்துல நிழல் தொங்கும். துணி மாறினாலும் இதே சிக்கல்தான், பருத்திக்குப் போட்ட நிழல் பட்டுக்கு ஆகாது, பட்டுல வெளிச்சம் வெட்டு வெட்டா விழும், கலரை மாத்தினதால மட்டும் பருத்தி பட்டாகாது. படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டு இன்னொரு போஸ்னு கணக்குக் காட்டறதும் வேண்டாம், வெளிச்சமும் எதிர்ப்பக்கம் போயிடும், பக்கத்துல பக்கத்துல வச்சா ரெண்டு சூரியன் இருக்கற மாதிரி தெரியும், போதாததுக்கு இடது தோள்ல இருக்க வேண்டிய தாவணி வலது தோளுக்குப் போயிடும், அதை நம்ம ஆளுங்க பார்த்த உடனே கண்டுபிடிச்சுடுவாங்க.

இந்த யோசனை கம்ப்யூட்டரோட வந்தது இல்ல, தெரிஞ்சுக்கோங்க. அமெரிக்காவுல பெஞ்சமின் ஹென்றி டே ஜூனியர்ங்கறவர் 1879-ல கண்டுபிடிச்ச பென் டே முறையில, ஓவியர் கோடு மட்டும் போட்டுட்டு எங்க டோன் வேணும்னு வெளிர் நீலத்துல குறிச்சு அனுப்புவார், அச்சுக்கு பிளாக் பண்றவர் அந்த இடத்துல புள்ளி டோனை ஏத்துவார். அப்புறம் ஒட்டற ஸ்கிரீன்டோன் ஷீட் வந்தது, கத்தியால வெட்டி கோடு மேல ஒட்டறது. கோடு தனி, டோன் தனிங்கற பழக்கம் அப்பவே இருந்திருக்கு. ஃபோட்டோஷாப்ல லேயர் வந்ததே 1994-ல மூணாவது வெர்ஷன்லதான்.

ஃபைல் கனமாகுமேன்னு யோசிப்பீங்க. ஏ4 சைஸ் 300 டிபிஐ-ன்னா 2480-க்கு 3508 பிக்சல், ஒரு கலர் லேயர் சுருக்காம கணக்குப் போட்டா சுமாரா 35 எம்பி, மாஸ்க் ஒரே சேனல்ங்கறதால அதுல கால்வாசி. எட்டுத் தனி ஃபைல் வச்சுக்கறதை விட இது எவ்வளவோ லேசு. எட்டு கலரையும் ஒரே ஃபைல்ல எட்டு பிளாட் குரூப்பா வச்சுக்கோங்க, கிரிட்டால காம்போசிஷன்ஸ்னு ஒரு டாக்கர், அதாவது ஓரத்துல வைக்கற ஒரு பேனல், இருக்கு, எந்த லேயர் தெரியணும் எது மறையணும்னு ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பேர் குடுத்து சேவ் பண்ணிட்டு மொத்தமா எக்ஸ்போர்ட் பண்ணிடலாம். எக்ஸ்போர்ட் பண்ணின பிறகு லேயரை எல்லாம் ஒண்ணா மெர்ஜ் பண்ணிடாதீங்க, மூல ஃபைலை தனியா ஒரு காப்பி எடுத்து வைங்க. எட்டையும் ஒரே மூச்சுல போட வேண்டாம். முதல்ல உங்க செட்லயே வெளிறின கலரையும் ரொம்ப ஆழமான கலரையும், அனேகமா மஞ்சளும் மெரூனும், போட்டு ஃபோன்ல ஸ்டிக்கர் சைஸுக்குச் சின்னதாக்கிப் பாருங்க, ரெண்டுலயும் கொசுவம் தெரியுதுன்னா மத்த ஆறும் நடுவுல வந்து உட்கார்ந்துக்கும்.